நம்ம வூட்டு ஆளு

“ஊசி வெந்துச்சா சாமிக்கண்ணு?”

“வேகுதுங்க டாக்டர்.”

பந்திக்கு இலை போட்டுவிட்டுச் சமையல்காரரை விரட்டுகிற கல்யாண வீட்டுக்காரர் குரலில் டாக்டர் கேட்பார். சாம்பார் இன்னும் இறங்கவில்லை என்கிற குரலில் கம்பவுண்டர் பதில் சொல்வார். மில்லுக்குப் போகிற சாலையில், சைக்கிள் கடைக்கும் வெற்றிலைபாக்குக் கடைக்கும் நடுவே இருந்தது டாக்டர் தெய்வசிகாமணியின் கிளினிக். எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது வாக்கில் அந்த வட்டாரத்தில் காய்ச்சல், கழிச்சல், கைகால் ஓய்ச்சல் எதுவானாலும் அங்கேதான் போவார்கள். பச்சைத் திரைக்குப் பின்னால் ஒரு பம்ப் ஸ்டவ். அதன்மேல் மூடி போட்ட நீளப் பெட்டி. அதற்குள் கண்ணாடிக் குழல்களும் ஊசிகளும் தளதளவென்று கொதிக்கும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தமே பாதி வைத்தியம்.

மீதிப் பாதி டாக்டரின் வாய். வருகிறவர் பேர், அப்பன் பேர், மில்லில் எந்தப் பிரிவு, வீட்டில் மாடு கன்று போட்டதா என்பதுவரை அவருக்கு அத்துபடி.

“என்னாய்யா கலியபெருமாளு, தறி ஓடுதா, இல்ல தறிக்குப் பயந்து நீ ஓடுறியா?”

“எங்கங்க ஓடுறது, காலு ரெண்டும் கட்டையாப் போச்சி.”

“ஒரு சத்து ஊசி போட்டுக்க. எல்லாம் சரியாப் பூடும்.” பிறகு திரையின் பக்கம் முகத்தைத் திருப்பி, வீதிக்கே கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுப்பார். “சாமிக்கண்ணு, நம்ம வூட்டு ஆளு. பாத்துப் போடு.”

கலியபெருமாளுக்கு ஊசி இறங்குவதற்கு முன்பே பாதி வலி இறங்கிவிடும்.

நான் பெரிய கடைத்தெருவில் பருப்பு மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவன். எங்கள் தாத்தாவிடமும் இப்படி ஒரு வாசகம் இருந்தது. துவரையைக் கடித்துப் பார்த்து, மூக்கைச் சுளித்து, “வேணாம்” என்று படியிறங்குகிறவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து முதல் ரகத்தை அவிழ்த்துக் காட்டுவார். ஒன்றும் கேட்காமல் பையை நீட்டுகிறவன் வந்தால் மட்டும் உள்ளே பார்த்து, “நம்ம ஆளுடா, பாத்துப் போடு” என்பார். மூட்டையின் அடியில் கிடக்கிற சரக்குக்கு எங்கள் கடையில் அதுதான் பேர். வாங்குகிறவர் அதைக் கேட்டுப் பூரித்துப் போவார். போகும்போது ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போவார். ஆனால் மளிகைக்காரரும் டாக்டரும் ஒன்றா? ஒருத்தர் தராசைப் பிடிக்கிறவர், இன்னொருத்தர் நாடியைப் பிடிக்கிறவர் என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருந்தது.

கலியபெருமாள் தறிக்காரர். நாலு தறிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, இங்கே நூல் அறுந்தால் அங்கிருந்து ஓடிவந்து முடிச்சுப் போட்டு, அங்கே தறி நின்றால் இங்கிருந்து ஓடவேண்டிய வேலை. ஷிப்டு முடிகிறவரை உட்கார இடமும் கிடையாது, நேரமும் கிடையாது. வெளியே வரும்போது புருவத்தில், மீசையில், காது மடலில் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். அவர் மனைவி செல்வாம்பாளுக்குச் சோத்துக் கூடை வேலை. தெருவில் வீடு வீடாகப் போய்ச் சாப்பாட்டுத் தூக்குகளை வாங்கிக் கூடையில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு, மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் மில் வாசலில் நிற்பாள். எந்தத் தூக்கு எந்த வீட்டுடையது, எவன் வீட்டில் இன்றைக்கு வெறும் ரசம் என்பதெல்லாம் மூடியைத் திறக்காமலே அவளுக்குத் தெரியும். அதை வைத்து அவள் யாரையும் கேலி செய்ததில்லை. அதனால்தான் எல்லா வீட்டு அடுப்படிவரை அவளுக்கு வழி இருந்தது.

டாக்டரிடம் அவர்களுக்கு இருந்த பக்திக்குக் காரணம் உண்டு. ஒரு ஐப்பசி மழையில் செல்வாம்பாள் விஷக்காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தபோது, முழங்கால் தண்ணீரில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு டாக்டரே வீடு தேடி வந்தார். ஒழுகுகிற கூரைக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஊசி போட்டார். மூன்றாம் நாள் அவள் எழுந்து கஞ்சி கேட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எது நல்லதாக வந்தாலும் டாக்டர் வீட்டுக்கு ஒரு பங்கு போகும். டாக்டர் மகள் கல்யாணத்துக்குப் புருஷனும் பெண்டாட்டியும் முந்தின நாளே போய் ஒரு மூட்டை வெங்காயம் உரித்துக் கொடுத்தார்கள். பந்தியில் உட்காரவில்லை. வீட்டு ஆட்கள் பந்தியில் உட்காருவார்களா?

குருசுக்குப்பத்திலிருந்து மீன்காரி கன்னியம்மாள் வஞ்சிரம் கொண்டுவருகிற நாளில் அந்தக் குடிசையில் ஒரு சண்டை கட்டாயம் நடக்கும்.

“நடுத்துண்டு எங்கடி போச்சி?”

“டாக்டரு வூட்டுக்கு.”

“போன தடவையும் அவருக்குத்தான போச்சி? அப்ப நான் யாரு?”

“நீ வூட்டு ஆளு. தலையத் தின்னு.”

கலியபெருமாள் முணுமுணுத்துக்கொண்டே தலையை உறிஞ்சுவார். குழம்பு தலையில்தான் ஊறும் என்று சமாதானமும் சொல்லிக்கொள்வார்.

அந்தப் பங்குனியில் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ரேஷன் கடை வாசலில் ஆட்களுக்குப் பதிலாகத் தகர டப்பாக்கள் வரிசையில் நின்றன. கிளினிக்கில் ஸ்டவ் சத்தம் குறைந்துபோனது. “வெந்துச்சா?” என்ற கேள்வி மட்டும் குறையவில்லை. சாமிக்கண்ணுவும் “வெந்துடுச்சிங்க” என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். வெயிலில் காய்ந்து வந்த சனங்கள் விசிறிக்கொள்வதில் மும்முரமாக இருந்ததால், கொதிக்கிற சத்தம் கேட்கிறதா என்று யாரும் காது கொடுக்கவில்லை.

அப்படி ஒரு நாளில்தான் கலியபெருமாள் இடது பக்க இடுப்பில் சத்து ஊசி போட்டுக்கொண்டு வந்தார். நாலைந்து நாளில் போட்ட இடம் கல்லு மாதிரி ஆனது. செல்வாம்பாள் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டாள். கல் கரையவில்லை. சிவந்து, பளபளத்து, ஒரு மாங்காய் அளவுக்கு வந்தது. தறிக்கு நடுவே ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்றார்.

எதிர்வீட்டுக் குஞ்சம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள். வாயில் வெற்றிலை இருந்தாலும் அவளுக்குப் பேச்சு தடைப்படாது.

“இது ஊசிக் கட்டிடி செல்வாம்பா. எங்க மச்சாண்டார் மவனுக்கும் இதே எடத்துல, இதே மாதிரி. கீறித்தான் எடுத்தாங்க.”

“அவன் எந்த டாக்டர்கிட்ட போனான்?”

“எந்த டாக்டரு? இருக்கறது ஒரு டாக்டருதான?”

“அது வேற. கூட்டத்தோட கூட்டமாப் போயி அவசரத்துல போட்டுக்கினு வந்திருப்பான். எங்களை டாக்டரு அப்பிடிப் பாக்க மாட்டாரு. எங்க தலையக் கண்டாலே நம்ம வூட்டு ஆளுன்னு உள்ள கொரல் குடுப்பாரு.”

“எங்களயும்தான் குடுக்கறாரு.”

செல்வாம்பாள் நிமிர்ந்தாள். “ஒன்னையுமா?”

“என்னையும்தான். எங்க மாமியாரையும்தான். ஏன், நாங்க மனுசங்க இல்லியா?”

செல்வாம்பாளுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு டாக்டருக்கு எத்தனை வீடுதான் இருக்கும்?

மறுநாள் புருஷனைக் கைத்தாங்கலாகக் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். டாக்டர் வீக்கத்தை விரலால் ஒரு அழுத்து அழுத்தினார். கலியபெருமாள் பல்லைக் கடித்துக்கொண்டார்.

“சூட்டுக் கட்டிய்யா. மில்லு சூடு, வெயில் சூடு, நீ திங்கற கருவாட்டுச் சூடு. எல்லாம் சேந்து பொடச்சிருக்கு.”

“ஊசி போட்ட எடத்துலதாங்க...” என்று செல்வாம்பாள் இழுத்தாள்.

“சூடு வெளியில வர ஒரு வழி வேணாமா? ஊசி போட்ட எடம் அதுக்கு வாசல். நல்லதுதான். மோரு குடி. இன்னொரு ஊசி போட்டா அமுங்கிடும். இந்தத் தடவ வலது பக்கம் போட்டுக்க. சாமிக்கண்ணு, நம்ம வூட்டு ஆளு.”

வாசல் என்று டாக்டர் சொன்னது செல்வாம்பாளுக்கு ரொம்பச் சரியாகப் பட்டது. படித்தவர்கள் எவ்வளவு எளிதாகப் புரிய வைக்கிறார்கள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்த வாரக் கடைசியில் வலது பக்கமும் வீங்கி, இரண்டாவது வாசலும் திறந்துகொண்டது. மத்தியானச் சங்கு ஊதி அவள் மில் வாசலில் கூடையை இறக்கி வைத்தபோது, கூட வேலை செய்யும் அம்மாவாசையும் இன்னும் இரண்டு பேரும் கலியபெருமாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. தறியைப் பிடித்தபடியே சரிந்துவிட்டாராம். கூடையைச் சேதி கேட்டு ஓடிவந்த குஞ்சம்மாளிடம் விட்டுவிட்டு, ரிக்ஷாவில் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அங்கே இருந்த வயதான கன்னியாஸ்திரியை, மற்றவர்கள் கூப்பிடுகிறதைப் பார்த்து இவளும் மசேர் என்றே கூப்பிட்டாள். மசேர் துணியை விலக்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“இந்த வாரத்துல மட்டும் மில்லு பக்கத்துலேர்ந்து வர்ற மூணாவது ஆளு. யாரும்மா ஊசி போட்டது?”

செல்வாம்பாளுக்கு அந்தக் கேள்வி மருந்துக்காகக் கேட்டதாகத் தோன்றவில்லை. போலீசுக்காரன் கேட்பதாகத் தோன்றியது. ஐப்பசி மழையில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்த மனுஷன் கண் முன்னால் நின்றார். பேரைச் சொன்னால் அவரைப் பிடித்துக்கொண்டு போவார்களோ? வீட்டு விஷயத்தை வெளியில் சொல்லலாமா?

“மாசி மகத்தப்ப போட்டது மசேர். கடக்கரையில ஒருத்தன் டேரா போட்டிருந்தான். கைகாலு ஓயுதுன்னு இவுரு போயி நீட்டிட்டாரு.”

“மாசி மகம் போயி எம்மா நாளாச்சி? இது புதுசா இருக்கே.”

“மெதுமெதுவா வீங்கிச்சி.”

“ரெண்டு பக்கமுமா?”

“ரெண்டு பக்கமும் போட்டான், பாவி.”

“ஆளு எப்பிடி இருந்தான்?”

“மீசை வச்சிருந்தான் மசேர். பெரிய மீசை.”

இல்லாத ஆளுக்கு மீசையும் வைத்துவிட்டாள். ஜுர வேகத்தில் கிடந்த கலியபெருமாள் கண்ணைத் திறந்து பெண்டாட்டியைப் பார்த்தார். பிறகு, “ஆமா, மீசை” என்று அவரும் தலையாட்டினார். மசேர் சொல்லச் சொல்ல ஒரு ஆள் எழுதிக்கொண்டான்.

இரண்டு பக்கமும் கீறி எடுத்தார்கள். சீழ் இடுப்பு எலும்புவரை இறங்கியிருந்ததாம். இடது கால் மரத்துப்போய்க் கிடந்தது. “உசுரு தப்பிச்சிது. நடப்பாரு. ஆனா நின்னுக்கினு செய்யற வேலை இனிமே ஆவாது” என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். தறிக்காரனிடம் நிற்க முடியாது என்பது மீனிடம் நீந்த முடியாது என்பதைப் போல. கலியபெருமாள் தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யார எதிர்பாக்கற?” என்றாள் செல்வாம்பாள்.

“டாக்டருக்குச் சேதி தெரியாதோ என்னமோ. தெரிஞ்சிருந்தா வந்திருப்பாரு.”

அதைக் கேட்டுத்தான் அவள் ஒரு நாள் கிளினிக்குக்குப் போனாள். புருஷன் நிலைமையைச் சொல்ல வேண்டும். தான் வாய் திறக்காமல் அவரைக் காப்பாற்றிய கதையையும் சொல்ல வேண்டும். பெஞ்சு முழுக்கக் கூட்டம். புழுக்கம் தாங்காமல் அன்றைக்குத் திரையை ஒதுக்கி விட்டிருந்தார்கள். பல வருஷமாக வந்துபோகிறவள், அன்றைக்குத்தான் திரைக்குப் பின்னால் நடப்பதைப் பார்த்தாள்.

ஒரு ரிக்ஷாவிலிருந்து மதாம் ஒருத்தி இறங்கினாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா வீட்டு அம்மாள். கையில் குடை, கைக்குட்டை. டாக்டர் எழுந்து நின்றார். “வாங்க மதாம்.” பிறகு உள்ளே பார்த்து, “சாமிக்கண்ணு, வெளியிலேர்ந்து வந்திருக்காங்க.”

சாமிக்கண்ணு ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்தார். நீலமாக நெருப்பு எழும்பியது. மதாம் உட்காரவில்லை. பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று, ஆவி பறக்கிறவரை பார்த்தாள். இடுக்கியால் ஊசியை எடுத்தபோதும் பார்த்தாள். போட்டுக்கொண்டு போனாள். அடுப்பு அணைந்தது.

அடுத்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு மில்காரன் பெண்டாட்டி. “அடடே, வா வா. சாமிக்கண்ணு, நம்ம வூட்டு ஆளு.”

அணைந்த அடுப்பு அணைந்தபடியே இருந்தது. எனாமல் தட்டில் கிடந்த ஊசி ஒன்று ஒரு கிண்ணத்தில் முங்கி எழுந்தது. பஞ்சால் ஒரு துடைப்பு. குழந்தை வீல் என்று கத்தியது. அதே ஊசி மறுபடி தட்டுக்கு வந்தது. அடுத்து ஒரு கிழவர். “நம்ம வூட்டு ஆளு.” அதே ஊசி, அதே முங்கு. வாழ்நாளெல்லாம் அடுப்படியில் நின்றவள் அவள். வெந்ததையும் வேகாததையும் பார்த்துச் சொல்லக் கம்பவுண்டர் படிப்பு வேண்டியிருக்கவில்லை.

சாமிக்கண்ணு பீடி குடிக்கப் பின்பக்கம் போனபோது இவளும் போனாள்.

“ஏம்ப்பா சாமிக்கண்ணு, அந்தம்மாவுக்கு மட்டும் அடுப்பு எரிஞ்சிதே?”

“அவுங்க வெளியாளுக்கா. நின்னு பாப்பாங்க. நொள்ளை சொல்லுவாங்க.”

“எங்களுக்கு?”

“நீங்க நம்ம வூட்டு ஆளு.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அப்பிடின்னா என்னா அர்த்தம்? தைரியமாச் சொல்லு. நான் யார்கிட்ட போயிச் சொல்லப் போறேன்?”

சாமிக்கண்ணு பீடியைப் பற்ற வைக்காமலே விரலில் உருட்டினார். “காலையில ஒருக்கா வேகும்க்கா. அப்பறம் யாராச்சும் வெளியாளு வந்தா வேகும். வூட்டு ஆளுன்னு டாக்டரு சொன்னா, தட்டுல இருக்கறத எடுத்துப் போடுன்னு அர்த்தம். நான் வேலைக்கி வந்த நாளா அப்பிடித்தான். கிருஷ்ணாயிலுக்கு லைன்ல நிக்கறவன் நானு. என்னை ஏன் மொறைக்கற? நீங்க யாராச்சும் ஒருநாளு ஏன்டா வேகலன்னு கேட்டிருக்கீங்களா?”

“வூட்டுல போயி அப்பிடியெல்லாம் கேப்பாங்களாப்பா?”

“அதுக்குத்தான்க்கா அந்தப் பேரு.”

அவள் முன்பக்கம் வந்தாள். திரும்பிப் போகலாம் என்றுதான் நினைத்தாள். டாக்டரே பார்த்துவிட்டார்.

“வா செல்வாம்பா. கலியபெருமாளு எப்பிடி இருக்கான்? கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன். ஆஸ்பத்திரியில நீ சொன்னதும் காதுக்கு வந்திச்சி. மீசைக்காரன் டேரா போட்டான்னு சொன்னியாமே?” டாக்டர் சிரித்தார். “கெட்டிக்காரி. சுகாதார ஆபீசுலேர்ந்து ஆளு வருவாங்க. அவுங்க கேட்டாலும் அதையே சொல்லு. மாத்தாத.”

சேதி தெரியாமல் இல்லை. எல்லாம் தெரிந்துதான் வராமல் இருந்திருக்கிறார்.

“ஓஞ்சி போயிருக்கியே. ஒரு சத்து ஊசி போட்டுக்கினு போ. சாமிக்கண்ணு, நம்ம வூட்டு...”

“வேணாங்க!”

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெயிலில் இறங்கினாள்.

சுகாதார ஆபீசிலிருந்து பலராமன் என்கிற இன்ஸ்பெக்டர் வந்தார். எல்லா நல்ல ஆய்வையும் போல அதுவும் முன்கூட்டியே ஊருக்குத் தெரிந்துதான் வந்தது. திரை புதுசு. தட்டுகள் புதுசு. கத்தரிக்கோல், இடுக்கி, கிண்ணம் எல்லாம் கொதித்துக்கொண்டிருந்தன. சாமிக்கண்ணுவின் தலை ஒன்றைத்தான் அன்றைக்கு வேகவைக்கவில்லை. பலராமன் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஆவி மூக்குக் கண்ணாடியை மூடியது. திருப்தியாகத் துடைத்துக்கொண்டார்.

செல்வாம்பாள் வாசற்படியில் கூடையோடு வந்து நின்றாள். “சார், எங்க வூட்டுக்காரருக்கு ஊசி போட்டது இங்கதாங்க. வேகாத ஊசி. அதுலதான் காலு போச்சி.”

பலராமன் கையிலிருந்த இளநீரை வைத்துவிட்டுக் கேட்டார். “எந்த கேசு? கலியபெருமாளா? ஏம்மா, மாசி மகம், டேரா, மீசைன்னு நீதான ஆஸ்பத்திரியில சொன்னே?”

“அது பொய்யிங்க.”

“எதுக்கும்மா பொய் சொன்னே?”

இந்த மனுஷனுக்காகத்தான் என்று டாக்டரைக் கை காட்ட வேண்டும். கை எழவில்லை.

“அன்னிக்கி ஒண்ணு சொன்னே, இன்னிக்கி ஒண்ணு சொல்றே. நான் எதை எழுதிக்கறது?”

டாக்டர் எழுந்து வந்து அவள் தலைக்கு மேல் கையை உயர்த்தி, ஆசீர்வாதம் மாதிரி ஆட்டினார். “விடுங்க சார். புருசன் படுத்துட்டான், பாவம், கலங்கிப் போயிருக்கு. யார் மேலயாச்சும் கோவத்தக் காட்டணுமில்ல? எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. நம்ம வூட்டு ஆளு.”

பலராமன் தலையாட்டினார். செல்வாம்பாள் சாமிக்கண்ணுவைப் பார்த்தாள். அவர் பெட்டிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கிளினிக் தரமாக இருப்பதாக எழுதிக்கொண்டு பலராமன் போனார். அன்றைக்கு அது தரமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் குஞ்சம்மாள் வாசலில் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டாள். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னாள்.

“ஏன்டி அழுவற? வூட்டு ஆளுன்னா அப்பிடித்தான். பிஞ்சிபோன தோசை யாருக்கு வைக்கற? அடிப்புடிச்ச சோறு யாருக்கு? வெளியாளு வந்தாத்தான நல்ல பாய விரிக்கறோம்? அந்தாளு பொய் சொல்லலடி. நாமதான் மாத்திப் புரிஞ்சிக்கினோம்.”

“அடிப்புடிச்ச சோத்தத் தின்னு யாருக்குடி காலு போயிருக்குது?”

குஞ்சம்மாள் புது வெற்றிலை ஒன்றுக்குச் சுண்ணாம்பு தடவினாள். “அப்ப வெளியாளாப் பூடணும், வேற வழி?” என்று கேலியாகத்தான் சொன்னாள். செல்வாம்பாள் மூக்கைச் சிந்திக்கொண்டு அவளையே பார்த்தாள்.

மறுநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு தூக்கை வாங்கும்போதும் அடுப்படியில் ஒரு நிமிஷம் நின்றாள். “ஊசிக்குப் போனா உள்ள நொழையும்போதே சொல்லிடுங்க, நாங்க வெளியாளுன்னு. சொல்லிட்டு அடுப்புகிட்டயே நில்லுங்க.” சிரித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தத் தெருவில் ஊசிக் கட்டி வராத வீடு குறைவு.

முதலில் போனவர் அம்மாவாசை.

“வாய்யா அம்மாவாச. சாமிக்கண்ணு, நம்ம வூட்டு ஆளு.”

“இல்லீங்க டாக்டர்.”

“என்னா இல்ல?”

“நான் ஒங்க வூட்டு ஆளு இல்லீங்க. வெளியாளு. எங்கப்பாவும் வெளியாளுதான். பொண்டாட்டி வழியிலயும் ஒங்களுக்குச் சொந்தம் கெடையாது.”

“என்னாய்யா, காலையிலயே போட்டுட்டியா?”

“இன்னும் போடலீங்க. வெந்தப்பறம் போட்டுக்கறேன்.”

அவருக்குப் பின்னால் நின்ற பெண், குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, “நாங்களும் வெளியாளுங்க” என்றாள். “நானும்” என்றார் ஒரு கிழவர், எதற்கென்று தெரியாமலே. திரைக்குப் பின்னால், யாரும் சொல்லாமலே, பம்ப் அடிக்கிற சத்தம் கேட்டது.

“வெந்துச்சா சாமிக்கண்ணு?” என்று பெஞ்சிலிருந்து யாரோ கேட்டார்கள்.

“இருங்கய்யா, வேகுது.”

கலியபெருமாள் ஒரு மாதம் கழித்து மில்லுக்குப் போனார். கழிவுப் பஞ்சு பிரிக்கிற இடத்தில் பெண்களோடு உட்காருகிற வேலை கிடைத்தது. சங்கு ஊதினால் தறிக்கூடத்து வழியாக வராமல் சுற்றிக்கொண்டு வருவார். டாக்டரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் செல்வாம்பாளுக்குத் தாங்கவில்லை.

கன்னியம்மாள் வஞ்சிரம் கொண்டுவந்தாள். குழம்பு கொதித்து இறங்கியது. பேச்சு மும்முரத்தில் செல்வாம்பாளின் கை பழக்கப்படி நடுத்துண்டை எடுத்துத் தூக்கில் போட்டு மூடியை அழுத்தியது.

“யாருக்குடி அது?” என்றார் கலியபெருமாள்.

அவள் மூடியைத் திறந்து, துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

“நான் வூட்டு ஆளாச்சே.”

“இன்னிக்கி வெளியாளா இரு.”

அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் துண்டைத் தொடவில்லை. மரத்த காலை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தி வைத்துக்கொண்டார்.

“ஏன்டி, அந்த ஐப்பசி மழையில வந்தாரே. ஸ்கூட்டரத் தள்ளிக்கினு. ஒனக்குப் போட்டாரே ஒரு ஊசி.”

“ம்.”

“அது வெந்திருக்குமா?”

சாமிக்கண்ணு சொன்னதைக் கேட்ட நாளாக அதே கேள்வி அவளுக்குள்ளும் கிடந்தது. உயிர் வந்தது என்னவோ நிஜம். வந்த உயிர் கொதித்த பெட்டியிலிருந்து வந்ததா, எனாமல் தட்டிலிருந்து வந்ததா என்று இனி யாரிடம் போய்க் கேட்பது? அவள் தன் தட்டில் மீன் தலையைப் போட்டுக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“மீனு நல்லா வெந்திருக்குது,” என்றாள். “தின்னு.”